பேட்டரி கிரிப் தகராறு செய்கிறதா? எங்கே பார்ப்பது, எப்போது வேறு வாங்குவது

கேமராவுக்கு அடியில் பொருத்தும் பேட்டரி கிரிப்புக்குள் பெரிய சங்கதி எதுவும் கிடையாது. பேட்டரி வைக்க இடம், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடிக்கும்போது அழுத்த ஒரு ஷட்டர் பொத்தான், ஒன்றிரண்டு டயல், இவற்றைக் கேமராவோடு சேர்க்கும் கம்பிகள், தொடுமுனைகள். அவ்வளவுதான். அதனால் அதில் வரும் கோளாறுகளும் பெரும்பாலும் மூன்று இடங்களிலேயே சுற்றி வரும்: இறுகாத திருகு, அழுக்கேறிய தொடுமுனை, வயதான பேட்டரி. இவை மூன்றும் வீட்டிலேயே தீரக்கூடியவை. நான்காவது ஒன்று உண்டு. அது வாங்கும்போதே மாதிரி எண்ணைத் தவறாக எடுத்தது. எவ்வளவு துடைத்தாலும் அது தீராது. சர்வீஸ் கடைக்குப் போகும் முன் உங்களுடையது எந்த வகை என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

எதையும் தொடும் முன் ஐந்து நிமிடச் சோதனை

இரண்டு பேட்டரிகளையும் முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரு சின்ன ஸ்டிக்கரில் 1, 2 என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு இந்த வரிசை:

1. கிரிப்பைக் கழற்றிவிட்டு, கேமராவில் 1ஆம் பேட்டரியை மட்டும் போட்டுப் பத்து படம் எடுங்கள்.
2. அதே மாதிரி 2ஆம் பேட்டரி.
3. கிரிப்பை மாட்டி, 1ஆம் பேட்டரியை இடப்பக்க அறையில் மட்டும்.
4. அதையே வலப்பக்க அறையில்.
5. இரண்டையும் சேர்த்து.

முதல் இரண்டில் ஒன்று தோற்றால் கோளாறு பேட்டரியில், கிரிப்பை மறந்துவிடலாம். மூன்றும் நான்கும் வெவ்வேறாக நடந்துகொண்டால் கிரிப்பின் ஒரு அறையில் தொடுமுனை போய்விட்டது. இரண்டு அறையிலும் ஒரே மாதிரி தோற்றால் கிரிப்புக்கும் கேமராவுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைப் பாருங்கள். தனித்தனியாக எல்லாம் ஓடி, ஐந்தாவது மட்டும் தகராறு செய்தால், ஒன்று பழையது, ஒன்று புதியது என்று கலந்து போட்டிருக்கிறீர்கள்.

நிக்கானின் எம்பி-டி10, எம்பி-டி12 போன்றவற்றில் ஒரு பேட்டரி கேமராவுக்குள்ளேயே இருக்கும், கிரிப்பில் ஒன்றுக்குத்தான் இடம். அங்கே மூன்றாவது சோதனையைக் கேமராவுக்குள் இருக்கும் பேட்டரியை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். அது உள்ளே இருந்தால் கிரிப் செத்திருந்தாலும் கேமரா சமர்த்தாக ஓடி உங்களை ஏமாற்றிவிடும்.

கிரிப் மாட்டினால் கேமரா உயிரே பெறவில்லை

கேனன் டிஎஸ்எல்ஆர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி அறையின் வாய். கேமராவின் பேட்டரி மூடியைக் கழற்றிவிட்டுத்தான் கிரிப்பின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தூணை உள்ளே நுழைக்கிறோம். அந்த மூடி மூடியிருக்கிறதா என்று கேமரா தெரிந்துகொள்ள அறையின் ஓரத்தில் ஒரு நுண்ணிய சுவிட்ச் இருக்கிறது. மூடி மூடும்போது அதிலுள்ள சிறு முனை அந்த சுவிட்சை அழுத்தும். மூடி இல்லாதபோது அந்த வேலையைக் கிரிப்பில் உள்ள ஒரு பிளாஸ்டிக் மொட்டு செய்ய வேண்டும். வேறு நிறுவனங்கள் செய்யும் மலிவான கிரிப்புகளில் இந்த மொட்டு அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலே போதும், பேட்டரி முழுதாக இருந்தும் கேமரா எழாது. சோதிப்பது எளிது: திருகை இறுக்கியபின், கிரிப்பைக் கேமராவோடு சேர்த்து அந்த ஓரத்தில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்யுங்கள். எழுந்தால் மொட்டுதான் குற்றவாளி. மொட்டின் நுனியில் ஒரு சின்னத் துண்டு டேப்பை ஒட்டிப் பார்க்கலாம். ஆனால் டேப் உரிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. கிரிப் புதிது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

நிக்கான் எம்பி-டி வரிசையில் வேறொன்று. கேமராவின் அடிப்பாகத்தில் கிரிப்புக்கான தொடுமுனைகளை மறைத்து ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதை எடுக்காமல் கிரிப்பை மாட்டினால் திருகு ஏறும், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும், மின்சாரம் மட்டும் போகாது. முதல்முறை கிரிப் வாங்குபவர்களில் கணிசமானவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எடுத்த ரப்பரைச் சட்டைப் பையில் போடாதீர்கள். அதை வைக்கவே கிரிப்பில் ஒரு குழி இருக்கிறது.

இவை இரண்டும் இல்லையென்றால்: பேட்டரியை வைத்துக் கிரிப்புக்குள் தள்ளும் தட்டு முழுதாக உள்ளே போய், அதன் தாழ்ப்பாள் கடைசிவரை திரும்பியிருக்கிறதா? தட்டில் பேட்டரி திசைமாறி உட்கார்ந்திருக்கிறதா? மெமரி கார்டு மூடி திறந்திருக்கிறதா? கடைசியானது கிரிப்போடு சம்பந்தமில்லாத விஷயம்தான். ஆனால் கிரிப்பை மாட்டும் அவசரத்தில் கைபட்டுத் திறந்துகொள்ளும். பல கேமராக்கள் கார்டு மூடி திறந்திருந்தால் படம் எடுக்காது.

எடுத்துக்கொண்டே இருக்கும்போது அணைகிறது, திருப்பினால் அணைகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். நேராகப் பிடித்தால் ஓடும். செங்குத்தாகத் திருப்பினால், அல்லது 70-200 மாதிரி கனமான லென்ஸ் மாட்டினால், கேமரா ஒரு நொடி செத்துப் பிழைக்கும். சில சமயம் பிழைச் செய்தி வரும், சில சமயம் வெறுமனே அணைந்து எழும்.

காரணம் இயற்பியல். கிரிப்பைக் கேமராவோடு பிடித்திருப்பது டிரைபாடு துளையில் ஏறும் ஒரே ஒரு கால் அங்குலத் திருகு. லென்ஸின் கனம் முன்னே இழுக்கும்போது அந்த ஒற்றைத் திருகை அச்சாக வைத்து கிரிப் மயிரிழை அளவு விலகும். தொடுமுனைகளில் இருக்கும் ஸ்பிரிங் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நிரப்பாது.

கிரிப்பில் உள்ள சக்கரத்தைக் கட்டைவிரலால் திருகும்போது ஒரு கட்டத்தில் இறுகிவிட்டது போலத் தோன்றும். அங்கே நிறுத்தாமல் கேமராவையும் கிரிப்பையும் இரு கையாலும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு சக்கரத்தைத் திருப்புங்கள். பெரும்பாலும் இன்னும் கால் சுற்று ஏறும். கிரிப்பின் மேற்பரப்பில் உள்ள ரப்பர் அழுந்த நேரம் எடுப்பதால், மாட்டிய பத்து நிமிடத்தில் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும். விசேஷ வீட்டில் வேலை என்றால் ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தாலி கட்டும் நேரத்தில் கேமரா அணைந்தால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பிளையர் வைத்து இறுக்குவது. கேமரா அடியில் உள்ள துளையின் மரை போய்விட்டால், கிரிப் விலையைவிட அதைச் சரிசெய்யும் செலவு கூடிவிடும்.

இறுக்கியும் தீரவில்லையா? தொடுமுனைக்கு வருவோம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். மொபைல் பழுதுபார்ப்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்; சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் கேளுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்து, ஈரம் சொட்டாத நிலையில் மூன்று இடங்களைத் துடையுங்கள்: பேட்டரியின் தகடுகள், தட்டின் உட்புறத் தொடுமுனைகள், தூணின் நுனி அல்லது அடிப்பாகத் தொடுமுனைகள். குச்சி கறுத்தால் கறுக்காமல் வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து சில மாதத்திலேயே மெல்லிய படலம் போட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, குச்சியில்தான் தெரியும். ரப்பரால் தேய்ப்பது பழைய வைத்தியம். துகள் உள்ளே விழும், மேல்பூச்சும் தேயும், வேண்டாம். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

துடைத்தபின் ஸ்பிரிங் முனைகளை மரக்குச்சியால் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். எல்லாம் ஒரே உயரத்துக்குத் திரும்பி வர வேண்டும். ஒன்று மட்டும் சோம்பேறித்தனமாகப் பாதியில் நின்றால் அதுதான் வியாதி. அதைக் கொக்கியால் நெம்பி உயர்த்தும் யோசனை வரும், உடையும்.

செங்குத்து ஷட்டர் பொத்தான் வேலை செய்யவில்லை

முதல் கேள்வி, சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? கேனன், சோனி கிரிப்புகளில் தனியாக ஒரு ஆன்/ஆஃப் சுவிட்ச் இருக்கும். நிக்கானில் பொத்தானைச் சுற்றி ஒரு பூட்டு வளையம். கிரிப் வாங்கிய நாளிலிருந்து அது பூட்டியே கிடந்து, கிரிப்பே கெட்டது என்று விற்றவர்கள் உண்டு.

இரண்டாவது, அந்தக் கிரிப்புக்கு அப்படியொரு பொத்தான் இருக்கிறதா? வேடிக்கையான கேள்வி இல்லை. நிக்கான் இசட்6, இசட்7க்கு வந்த எம்பி-என்10 வெறும் பேட்டரிப் பெட்டி. பொத்தானும் டயலும் கிடையாது. அடுத்த தலைமுறை இசட்6 2, இசட்7 2க்கு வந்த எம்பி-என்11இல்தான் அவை வந்தன. கேனன் ஆர்பி, ஆர்8க்குக் கிடைக்கும் இஜி-இ1 இன்னும் மோசம்: அது சுண்டுவிரல் வைக்க உயரம் கூட்டும் கட்டை மட்டும், பேட்டரியே ஏறாது. பெயரில் "கிரிப்" என்று இருப்பதைப் பார்த்து வாங்கிவிட்டால் பிறகு தேடுவதற்குக் கோளாறே இருக்காது.

மூன்றாவது, வேறு நிறுவனக் கிரிப்பா? நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்கு நிக்கான் கிரிப் செய்யவே இல்லை; அடியில் தொடுமுனையும் இல்லை. சந்தையில் கிடைப்பவை பேட்டரியை மட்டும் உள்ளே கொடுத்துவிட்டு, ஷட்டருக்குக் குறுக்குவழி பிடிப்பவை. ஒரு வகையில் கிரிப்பிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் வெளியே வந்து, பக்கவாட்டில் உள்ள ரிமோட் துளையில் ஏறும். கேபிள் கழன்றால் பொத்தான் இறந்தது. இன்னொரு வகை அகச்சிவப்பு ரிமோட் மாதிரி நடிக்கும். அதற்குக் கேமராவை ரிமோட் முறையில் வைத்திருக்க வேண்டும். சற்று நேரம் அழுத்தாமல் விட்டால் கேமரா அந்த முறையிலிருந்து தானே வெளியேறிவிடும். பாதி அழுத்தி ஃபோகஸ் செய்யும் வசதியும் இருக்காது. இதில் பழுதுபார்க்க ஒன்றுமில்லை, அதன் பிறவிக் குணம் அது. இந்தக் கேமராக்களுக்குக் கிரிப் வாங்குவதைவிட, அதே பணத்தில் கூடுதலாக ஒரு நல்ல பேட்டரி வாங்கிப் பையில் வைப்பதே என் பரிந்துரை.

பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகிறது, முழுதாக அழுத்தினால் படம் விழவில்லை, ரொம்ப அழுத்தினால் விழுகிறது என்றால், பொத்தானுக்கு அடியில் உள்ள இரண்டாம் கட்டத் தகடு தேய்ந்துவிட்டது. துடைத்துப் பயனில்லை, பொத்தான் தொகுதியை மாற்ற வேண்டும். வேறு நிறுவனக் கிரிப்புக்கு உதிரி பாகம் கிடைப்பது அரிது.

இதற்கு நேர்மாறும் உண்டு. கேமரா பையில் கிடக்கும்போது தானாக விழித்துக்கொண்டு இருட்டில் முன்னூறு படம் எடுத்து வைத்திருக்கும். கிரிப் சுவிட்ச் ஆனில் இருக்க, பை அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறது. சுவிட்சை அணைத்தபின்னும் தானாக ஃபோகஸ் துடித்துக்கொண்டே இருந்தால் உள்ளே ஈரம். மழையில் நனைந்த கிரிப்பைக் கழற்றி, பேட்டரிகளை எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். ஒரு விஷயம் நினைவிருக்கட்டும்: கேமரா மழை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது கேமராவுக்கு. மலிவான கிரிப்பில் இணைப்பைச் சுற்றி ரப்பர் வளையமே இல்லை என்றால், மூடியைக் கழற்றிய அறைக்குள் தண்ணீர் போக நீங்களே வழி திறந்துவிட்டதாக அர்த்தம்.

சார்ஜ் அளவு குழப்பமாகக் காட்டுகிறது, ஒரு பேட்டரி மட்டும் தீர்கிறது

பாதிப் புகார்கள் கோளாறே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் இரண்டு பேட்டரிகளை ஒவ்வொரு விதமாகச் செலவழிக்கிறது.

கேனன் முதலில் எந்தப் பேட்டரியில் வோல்டேஜ் அதிகமோ அதிலிருந்து எடுக்கும். இரண்டும் சமமானதும் இரண்டிலிருந்தும் சேர்த்து எடுக்கும். ஆகவே இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தீரும். சோனி, சார்ஜ் குறைவாக உள்ளதை முதலில் தீர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும். நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் முடிவு உங்களுடையது: தனிப்பயன் அமைப்புகளில் 'டி' பிரிவில் பேட்டரி வரிசை என்று ஒரு தேர்வு இருக்கிறது. கிரிப் முதலில் என்று வைத்துவிடுங்கள். கேமராவுக்குள் இருக்கும் பேட்டரியை மாற்றக் கிரிப்பையே கழற்ற வேண்டும். கிரிப்பில் உள்ளதை நொடியில் மாற்றலாம். கேமராவுக்குள் இருப்பது கடைசிக் கையிருப்பாக நிற்கட்டும்.

உண்மையான கோளாறு எப்போது? கேனனில் மெனுவில் பேட்டரித் தகவல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எல்பி-இ6 வகை பேட்டரி எடுக்கும் கேமராக்களில் இரண்டு பேட்டரியும் தனித்தனியாக, சதவீதத்தோடும் ரீசார்ஜ் திறனைக் காட்டும் மூன்று கட்டங்களோடும் தெரிய வேண்டும். ஒன்று தெரியவில்லை என்றால் அந்த அறையின் தகவல் தொடுமுனை படவில்லை, அல்லது பேட்டரியில் சிப் இல்லை, அல்லது கிரிப்பே அந்தத் தகவலைக் கடத்தும் வகையில் செய்யப்படவில்லை. பேட்டரிகளை இடம் மாற்றினால் எது என்று தெரிந்துவிடும். குறை பேட்டரியோடு சேர்ந்து நகர்ந்தால் பேட்டரி, அறையிலேயே நின்றால் கிரிப்.

50 சதவீதத்தில் இருந்து திடீரென்று காலி என்றால் பேட்டரி வயதாகிவிட்டது. ரீசார்ஜ் திறன் ஒரே சிவப்புக் கட்டமாக இருந்தால் அதைக் கிரிப்பிலிருந்து ஓய்வுக்கு அனுப்புங்கள். புதியதோடு பழையதைச் சேர்த்துப் போடாதீர்கள். 1800 எம்ஏஎச் எல்பி-இ6, 2130 எம்ஏஎச் எல்பி-இ6என்எச் இரண்டும் ஒரே அச்சுதான், ஒன்றாக ஏறவும் ஏறும்; ஆனால் சோடி சேர்க்கும்போது ஒரே வகை, ஒரே வயது என்று வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

கேமராவை அணைத்து வைத்தும் இரவோடு இரவாக பேட்டரி தீர்கிறது

கிரிப்பைக் குற்றம் சொல்லும் முன் கேமராவின் மெனுவைப் பாருங்கள். கேனன் 6டியில் ஜிபிஎஸ் ஆனில் இருந்தால் கேமராவை அணைத்தபின்னும் அது செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருக்கும். 7டி மார்க் 2, 5டி மார்க் 4இல் ஜிபிஎஸ்ஸுக்கு இரண்டு முறை உண்டு. முதலாவது அணைத்தபின்னும் தொடரும், இரண்டாவது கேமராவோடு அணையும். நிக்கானில் படங்களைக் கைபேசிக்கு அனுப்பும் ஸ்னாப்பிரிட்ஜ் வசதி இருக்கும் மாடல்களில் "அணைந்திருக்கும்போதும் அனுப்பு" என்ற தேர்வு இதே வேலையைச் செய்யும்.

இவற்றை அணைத்தபின் சோதனை இப்படி: இரண்டையும் முழுதாகச் சார்ஜ் செய்து, ஒன்றைக் கிரிப்பில் போட்டுக் கேமராவை அணைத்து வையுங்கள், மற்றதை மேசை மேல் வையுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டையும் கேமராவுக்குள் நேரடியாகப் போட்டு அளவைப் பாருங்கள். ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் கணக்கில் இல்லை. கிரிப்பில் இருந்தது பத்து, இருபது சதவீதம் இறங்கியிருந்தால், அடுத்ததாகக் கிரிப் இல்லாமல் கேமராவுக்குள் ஒரு இரவு வைத்துப் பாருங்கள். அங்கே இறங்கவில்லை என்றால் கிரிப்புக்குள் கசிவு. மலிவான கிரிப்புகளின் சர்க்யூட்டில் இது சகஜம், சரிசெய்து மாளாது. படப்பிடிப்பு முடிந்ததும் தட்டை வெளியே இழுத்துவிடுவதே தீர்வு. கிரிப்பைக் கழற்ற வேண்டியதில்லை, தட்டை அரை அங்குலம் இழுத்துவைத்தாலே தொடர்பு அறும்.

ஏஏ தட்டு போட்டால் ஓடவில்லை, அல்லது நாலு படத்தில் தீர்கிறது

இங்கே ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஊகிக்கவே வேண்டாம். ஆறு ஏஏ செல் ஏறும் தட்டில் எல்லாம் வரிசையாக இணைந்திருக்கும். புதிய ஆல்கலைன் ஆறு போட்டால் தட்டின் வெளிமுனைகளில் 9 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். சுமார் 3 வோல்ட் குறைவாக, 6 வோல்ட் பக்கம் காட்டினால் ஒரு செல் தலைகீழாக இருக்கிறது: அது தன்னுடைய ஒன்றரையைச் சேர்க்காததோடு இன்னொரு ஒன்றரையைக் கழித்தும் விடுகிறது. ஒன்றரை மட்டும் குறைந்தால் ஒரு செல் காலி. பூஜ்யம் என்றால் எங்கோ ஒரு ஸ்பிரிங் தொடவில்லை. எம்பி-டி10, எம்பி-டி12 தட்டுகளில் எட்டு செல். அங்கே 12 வோல்ட்.

ஆல்கலைன் செல் சுவர்க் கடிகாரத்துக்கு உகந்தது. கேமரா மோட்டார் ஒரு நொடியில் இழுக்கும் மின்னோட்டத்துக்கு அதன் வோல்டேஜ் பொத்தென்று விழும். கேமரா "பேட்டரி காலி" என்று முடிவு செய்துவிடும். எடுத்து கடிகாரத்தில் போட்டால் இன்னும் ஆறு மாதம் ஓடும். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்தான் இதற்குச் சரி. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட் என்பதால் ஆறு போட்டால் 7.2, அதாவது லித்தியம் பேட்டரியின் பெயரளவு வோல்டேஜேதான். நிக்கானில் எந்த வகை ஏஏ என்பதை மெனுவில் சொல்லியாக வேண்டும்: ஆல்கலைன், ரீசார்ஜ், லித்தியம். தவறாக வைத்தால் அளவுக் காட்டி பொய் சொல்லும்.

இங்கே கேமராவையே கொல்லும் தவறு ஒன்று. ஏஏ அளவிலேயே 14500 என்று 3.7 வோல்ட் லித்தியம் செல் டார்ச் கடைகளில் கிடைக்கிறது. உருவத்தில் வித்தியாசம் தெரியாது. ஆறு போட்டால் 22 வோல்ட். மதர்போர்டு போய்விடும். செல்லின் மேல் வோல்டேஜ் எழுதியிருப்பதைப் படிக்காமல் தட்டில் ஏற்றாதீர்கள்.

தட்டில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் ஆல்கலைன் கசிந்திருக்கிறது. அது காரம் என்பதால் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக் குச்சியால் கரைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டுப் போடுங்கள்.

கிரிப் போட்டும் வேகம் கூடவில்லை

"கிரிப் போட்டால் வேகம் கூடும்" என்பது சில கேமராக்களுக்கு மட்டும் பொருந்திய உண்மை, எல்லாவற்றுக்கும் பரவிய வதந்தி. நிக்கான் டி700 தனியாக வினாடிக்கு 5 படம். எம்பி-டி10இல் இஎன்-இஎல்4ஏ என்ற பெரிய பேட்டரி அல்லது எட்டு ஏஏ செல் போட்டால் 8. டி300 தனியாக 6, அதே ஏற்பாட்டில் 8. அதே கிரிப்பில் கேமராவின் சொந்த இஎன்-இஎல்3இயைப் போட்டால் ஒன்றும் கூடாது. காரணம் வோல்டேஜ். டி850இலும் அதே கதை: 7இலிருந்து 9க்குப் போக எம்பி-டி18 மட்டும் போதாது, இஎன்-இஎல்18 வகைப் பெரிய பேட்டரி வேண்டும், அதற்கு பிஎல்-5 என்ற மூடி வேண்டும், அந்தப் பேட்டரிக்கான சார்ஜரும் வேண்டும். மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-டி2 மெக்கானிக்கல் ஷட்டரில் 8இலிருந்து 11 ஆகும். எக்ஸ்-டி3 கிரிப் இல்லாமலே 11, ஆகவே அதற்கு வேகத்துக்காகக் கிரிப் வாங்குவது வீண். கேனன் கிரிப்புகள் வேகம் கூட்டுவதில்லை. ஆர்5, ஆர்6இல் வேகம் குறைந்தால் பேட்டரியைப் பாருங்கள்: சார்ஜ் இறங்கினாலோ, எல்பி-இ6என்எச்சுக்குப் பதில் பழைய எல்பி-இ6 போட்டாலோ 12 என்ற உச்ச வேகம் கிடைக்காது. அதிவேகச் சின்னம் பச்சையாக இருந்தால்தான் முழு வேகம்.

யூஎஸ்பியில் சார்ஜ் ஏறவில்லை

நிக்கான் இசட் வரிசையில் இஎன்-இஎல்15, 15ஏ பேட்டரிகள் இரண்டும் கேமராவில் யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகாது. 15பி, 15சி ஆகும். எழுத்தைப் பாருங்கள், அவ்வளவே.

பேட்டரி தட்டிலிருந்து வெளியே வரமாட்டேன் என்கிறது

ஊதிவிட்டது. ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள், உறை கிழிந்தால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். தட்டைக் கிரிப்பிலிருந்து எடுத்து, அதன் ஓரத் திருகுகளைக் கழற்றித் தட்டைப் பிரித்து விடுவியுங்கள். தட்டே வரவில்லை என்றால் கிரிப்பைக் கேமராவிலிருந்து பிரித்து சர்வீஸுக்குக் கொடுங்கள். எடுத்த பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவும் வேண்டாம், வீட்டுக் குப்பையில் போடவும் வேண்டாம். மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

எதுவும் பொருந்தவில்லையென்றால்: மாதிரி எண்

கிரிப் ஒரு கேமராவுக்கோ, ஒரு சில கேமராக்களுக்கோ மட்டும் பொருந்தும் தனி அச்சு. கேனன் 60டிக்கு பிஜி-இ9. 70டி, 80டி, 90டி மூன்றுக்கும் பிஜி-இ14. 6டிக்கு பிஜி-இ13, ஆனால் 6டி மார்க் 2க்கு பிஜி-இ21. 5டி மார்க் 2க்கு பிஜி-இ6, மார்க் 3க்கு பிஜி-இ11, மார்க் 4க்கு பிஜி-இ20. ஆர்5, ஆர்6, ஆர்6 மார்க் 2க்கு பிஜி-ஆர்10. சோனி ஏ7 மார்க் 3க்கு விஜி-சி3இஎம், ஏ7 மார்க் 4க்கு விஜி-சி4இஎம். ஒன்று மற்றதில் ஏறாது, பேட்டரி ஒன்றாக இருந்தாலும். ஃபியூஜி எக்ஸ்-டி4க்குக் கிரிப் உண்டு, எக்ஸ்-டி5க்கு நிறுவனம் செய்யவே இல்லை. கேனன் ஆர்7, ஆர்10க்கும் அப்படியே. "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று விற்பவர் சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

பழைய கிரிப் வாங்கினால் கடையிலேயே மாட்டிப் பாருங்கள். உங்கள் கேமரா, உங்கள் இரண்டு பேட்டரி, உங்களிடம் இருப்பதிலேயே கனமான லென்ஸ். மாட்டி, தொடர் படப்பிடிப்பில் வைத்து, செங்குத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே கேமராவை மெல்லத் தலைகீழாகத் திருப்புங்கள். நடுவில் ஒருமுறை திக்கினாலும் வேண்டாம். பிறகு கிரிப்பின் தூணுக்குப் பக்கத்தில், கேமராவின் பேட்டரி மூடியைச் செருகி வைக்கும் பள்ளத்தைப் பாருங்கள். முந்தைய உரிமையாளரின் மூடி இன்னும் அங்கேயே இருந்தால், அவர் கேமராவை மூடி இல்லாமல் யாருக்கோ விற்றிருக்கிறார். உங்கள் மூடி தொலைந்துபோயிருந்தால் அது உங்களுக்கு லாபம்.